மதிலுக்கு வெளியே நீளும் தலம்: ஸ்ரீமுஷ்ணமும் கடலுக்குப் போகும் பாதையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பேச்சின் இடையே வந்த கிளைக்கதைகளைக் குறைத்திருக்கிறேன். கருத்தை மாற்றவில்லை.)



சிதம்பரத்தில் கூடியிருக்கும் ஓர் அவைக்கு ஸ்ரீமுஷ்ணம் புதிய ஊரன்று. பேருந்து ஏறினால் நாற்பது கிலோமீட்டர் அளவுதான். உங்களில் பலர் வீட்டில் ஒரு நல்ல காரியம் கூடிவந்த பிறகு அங்கே போய்ப் பூவராகரைச் சேவித்துவிட்டு வந்திருப்பீர்கள். நன்கு தெரிந்த ஊரைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லப் போகிறேன் என்ற கேள்வி உங்களுக்கு எழுவது நியாயம்.

கோயில் வரலாறு எழுதுவதில் நமக்கு ஒரு பழக்கம் படிந்திருக்கிறது. யார் கட்டினார், எந்த நூற்றாண்டு, யார் திருப்பணி செய்தார் என்று கேட்டு, விடைகளை அடுக்கிவிட்டால் வரலாறு முடிந்தது என்று எண்ணுகிறோம். ஸ்ரீமுஷ்ணத்துக்கு இந்த முறை பாதி வரலாற்றைத்தான் தரும். ஆண்டுதோறும் மாசி மகத்தை ஒட்டி இந்தக் கோயிலின் உற்சவர் ஊரை விட்டுப் புறப்படுகிறார். கிழக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் போய், கிள்ளை முழுக்குத்துறையில் வங்கக் கடலில் தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார். மீதிப் பாதி வரலாறு அந்த வழியில்தான் கிடக்கிறது. தரிசனத்துக்கு வந்த அடியார்கள் இந்த ஊரை யாத்திரைத் தலமாக்கினார்கள். சுவாமியைத் தங்கள் ஊர் வழியே போகக் கேட்டுக்கொண்டு, அந்த வருகையை விடாமல் பிடித்துக்கொண்ட மக்களும் அதே அளவுக்கு இதைத் தலமாக்கியிருக்கிறார்கள். இதுவே என் கருத்து. அதை ஆறு செய்திகளாக வைக்கிறேன்.

1. பாசுரம் இல்லாத பெருமை

வைணவ மரபில் தலத்தின் தரத்தை அளக்க முதலில் எடுக்கும் கோல் ஆழ்வார்களின் மங்களாசாசனம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களின் பட்டியல் அப்படித்தான் அமைந்தது. அந்தப் பட்டியலில் ஸ்ரீமுஷ்ணம் இல்லை. சிதம்பரத்துக் கோவிந்தராசர் சந்நிதியான திருச்சித்திரகூடம் இருக்கிறது. சீர்காழியில் காழிச்சீராம விண்ணகரம் இருக்கிறது. கடலூருக்கு அருகே திருவயிந்திரபுரம் இருக்கிறது. சுற்றிலும் பாடல் பெற்ற ஊர்கள் இருக்க, நடுவில் பாடல் பெறாத ஊராக நிற்கிறது ஸ்ரீமுஷ்ணம்.

ஆனால் இறைவன் தானாகவே தோன்றிய இடங்கள் என்று எண்ணப்படும் எட்டுத் தலங்களின் வரிசையில் இது இருக்கிறது. திருவரங்கம், ஸ்ரீமுஷ்ணம், திருவேங்கடம், நான்குநேரி வானமாமலை, சாளக்கிராமம், நைமிசாரண்யம், புஷ்கரம், பத்ரிநாதம் ஆகிய எட்டும் சுயம்வியக்தத் தலங்கள். நேபாளத்து மலையிலிருந்து திருநெல்வேலிச் சீமை வரை பரந்து கிடக்கும் தலங்களின் பட்டியல் இது. புஷ்கரத்தோடும் பத்ரியோடும் ஒரே மூச்சில் சொல்லப்படும் ஊர் கடலூர் மாவட்டத்தில் ஒரு சிறு பேரூராக இருக்கிறது.

பாசுரங்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த வீரநாராயணபுரம், அதாவது இன்றைய காட்டுமன்னார்கோயில், இங்கிருந்து அதிக தூரமில்லை. அவருடைய பேரர் ஆளவந்தாரும் அந்த ஊர்க்காரரே. திவ்யப் பிரபந்தம் நூலாகத் திரண்ட மண்ணுக்குப் பக்கத்து மண் இது. அப்படியிருந்தும், பாசுரம் என்னும் சான்றிதழ் இல்லாமலே இந்தத் தலம் நிலைபெற்றது. பாட்டு தராத பெருமையை வேறெதுவோ தந்திருக்க வேண்டும் அல்லவா? நம் தேடல் இங்கே தொடங்குகிறது.

2. பூமியை எடுத்தவரும் கோரைக்கிழங்கும்

கருவறையில் பூவராகர் மேற்கு நோக்கி நிற்கிறார். இரு கைகளும் இடுப்பில் ஊன்றியிருக்கின்றன. திருமுகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கிறது. மூர்த்தம் சாளக்கிராமக் கல்லால் ஆனது. தாயார் அம்புஜவல்லி. உற்சவர் யக்ஞவராகர். இரணியாட்சன் பூமியைக் கவர்ந்து பாதாளத்தில் ஒளித்தபோது, பன்றி உருவெடுத்து அவனை வென்று பூமியை மேலே கொண்டுவந்த கதை உங்களுக்குத் தெரியும். அந்தப் போரின் களைப்பில் அரும்பிய வியர்வை நித்ய புஷ்கரணி ஆயிற்று என்றும், அரச மரமும் துளசியும் அவர் மேனியிலிருந்து தோன்றின என்றும் தலபுராணம் சொல்லுகிறது.

இந்தக் கோயிலின் பிரசாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோரைக்கிழங்கை இடித்துச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பெருமாளுக்குப் படைப்பது இங்கே சிறப்பு. கோரைக்கு முத்தக்காசு என்றும் பெயர் உண்டு. நாட்டு மருத்துவர்களுக்கு அது மருந்து. உழவர்களுக்கு அது தீராத களை. பிடுங்கப் பிடுங்க முளைக்கும். காட்டுப்பன்றி விரும்பித் தோண்டித் தின்னும் கிழங்கும் அதுவே. பன்றி உருவில் வந்த கடவுளுக்குப் பன்றி தின்னும் கிழங்கையே நைவேத்தியமாக வைக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த மனத்தை நான் வணங்குகிறேன். புராணத்தைப் புத்தகத்தில் படித்தவருக்கு மட்டும் இது தோன்றியிராது. விடிகாலையில் வயலுக்குப் போய், பன்றி கிளறிப்போட்ட வரப்பைப் பார்த்தவரின் அறிவும் இதில் கலந்திருக்கிறது. கோயிலின் மடைப்பள்ளிக்குள் ஊரின் நிலம் நுழைந்த இடம் இது.

வைணவ ஆசாரியர்கள் இந்த மூர்த்தியை நினைக்கும்போது வராக சரம சுலோகத்தை நினைப்பார்கள். உடலும் உள்ளமும் நலமாக இருக்கும்போது என்னை நினைத்தவனை, அவன் கட்டையாய்க் கல்லாய்க் கிடக்கும் கடைசி நேரத்தில் நான் நினைத்துக்கொள்கிறேன் என்று வராகப் பெருமான் பூமிப்பிராட்டிக்குத் தரும் உறுதிமொழி அது. வேதாந்த தேசிகர் இதை விளக்குவதற்கென்றே ரகஸ்ய சிகாமணி என்னும் நூலை எழுதினார்.

3. வராகமும் அரசும்

இந்தியக் கலை வரலாற்றில் வராகம் வரும் இடங்களைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்து உதயகிரிக் குகையில் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குப்தர் காலத்தில் செதுக்கிய மாபெரும் வராகம். பாதாமிக் குகையில் சாளுக்கியரின் வராகம். அவர்களுடைய அரச இலச்சினையும் வராகமே. நம் மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்து வராகக் குகை. நிலத்தை மீட்டுக் காப்பவன் என்ற எண்ணத்தில் அரசர்கள் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். விஜயநகரத்து இலச்சினையிலும் பன்றி இருந்தது. அந்தக் காலத்துப் பொற்காசு தமிழில் வராகன் என்றே வழங்கியது. கடனையும் கிரயத்தையும் வராகனில் எழுதிய ஓலைகள் நம் வீடுகளில் இருந்தவைதாம்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், ஸ்ரீமுஷ்ணம் கோயில் இன்றுள்ள தோற்றத்தைப் பெரும்பாலும் நாயக்கர் காலத்தில் பெற்றதில் வியப்பில்லை. மேற்கு பார்த்த ஏழுநிலை இராசகோபுரத்தைக் கடந்து உள்ளே போனால் புருஷசூக்த மண்டபம் வருகிறது. அதன் தூண்களில் முன்கால் தூக்கிய குதிரைகளும் அவற்றின் மேல் வீரர்களும் பாய்ந்து வருகிறார்கள். சேணத்தின் வார், வீரனின் கச்சை, காலடியில் நெரியும் பகைவனின் முகச்சுளிப்பு என்று ஒவ்வொன்றையும் கல்தச்சர் நிதானமாகச் செய்திருக்கிறார். கூப்பிய கையோடு நிற்கும் நாயக்கர் உருவங்களும் உள்ளன. திருப்பணிக்குத் தஞ்சை அச்சுதப்ப நாயக்கர் பெயரைச் சொல்லுவார்கள். ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போகிற மாணவர்கள் சந்நிதிக்கு விரையும் முன் இந்த மண்டபத்தில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதே காலத்தில் நாம் அமர்ந்திருக்கும் சிதம்பரத்தில் நடந்ததையும் மறைக்கக் கூடாது. 1597ஆம் ஆண்டை ஒட்டி இப்பகுதிக்கு வந்த நிக்கோலாஸ் பிமெந்தா என்னும் இயேசு சபைப் பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் தில்லையில் கோவிந்தராசர் சந்நிதியை எழுப்ப முனைந்தபோது, அதை எதிர்த்து அர்ச்சகர்கள் கோபுரத்திலிருந்து குதித்தார்கள். இருபது பேர் இறந்தார்கள் என்பது அவர் தரும் கணக்கு. தன் கடவுளுக்கு இடம் தேடிய ஓர் அரசனின் பிடிவாதமும், தங்கள் கடவுளின் இடத்தைக் காக்க உயிரைத் தந்தவர்களின் உறுதியும் மோதிய இடம் அது. அரசு தலைமையேற்று நடத்திய பக்தி இப்படியும் முடிந்திருக்கிறது.

ஸ்ரீமுஷ்ணத்திலோ பூவராகர் கோயிலுக்கு அருகிலேயே நித்தீசுவரர் கோயில் நிற்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கிய சிவன் கோயில் அது. இரண்டுக்கும் தனித்தனித் திருநாள்கள், தனித்தனி அடியார்கள். ஒரே கடைத்தெருவில் இரு கோயிலுக்கும் பூவும் தேங்காயும் விற்கிறார்கள்.

4. கிழக்கே போகும் வழி

இனி என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கடல் வரையிலான வழியில் நிலம் மூன்று முறை மாறுகிறது. ஊரைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் செம்மண் மேடு. மானாவாரிப் பயிர் விளையும் காடு. கிழக்கே இறங்க இறங்கச் சேத்தியாத்தோப்பு வந்துவிடும். வெள்ளாற்றின் அணைக்கட்டும் வீராணத்தின் தண்ணீரும் சேர்ந்து வயலாக்கிய நிலம் அது. வீராணம் 10ஆம் நூற்றாண்டில் முதல் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி. அவனுடைய வீரநாராயணன் என்ற பெயரே ஏரிக்கும் ஆயிற்று. கல்கியின் நாவலில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வந்தது அந்தக் கரையில்தான். 2004ஆம் ஆண்டிலிருந்து சென்னை குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி அங்கிருந்து போகிறது. அதையும் கடந்தால் புவனகிரி. பிறகு உப்பங்கழி, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, கிள்ளை, கடல்.

சங்கப் புலவர்களின் சொல்லில் சொன்னால் முல்லை, மருதம், நெய்தல் மூன்றையும் ஒரே பயணத்தில் சுவாமி கடக்கிறார். மழையை நம்பிய ஊரும் ஏரியை நம்பிய ஊரும் வலையை நம்பிய ஊரும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே பல்லக்கைப் பார்க்கின்றன. பூமியை எடுத்த பெருமான் அந்தப் பூமியைத் தானே சுற்றிப் பார்க்கப் போகிறார் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. வழியெங்கும் மண்டகப்படிகள். எந்த ஊரில் இறங்குவது, யார் வீட்டுத் திண்ணையின் முன் நிற்பது, யார் கையால் முதல் தீபாராதனை, எந்தத் தெருவார் பானகமும் நீர்மோரும் கொடுப்பது என்பதெல்லாம் வழிவழியாக வரும் உரிமை. இந்த உரிமைக்காக வழக்காடியவர்கள் உண்டு. நிலத்தை எழுதிவைத்தவர்கள் உண்டு. அந்த ஒரு நாளுக்காகவே வெளியூரிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. கோயிலுக்கு வர முடியாத முதியவர்கள், நோயாளிகள், அறுவடையை விட்டு நகர முடியாதவர்கள் எல்லோருக்கும் தரிசனம் வாசலுக்கு வருகிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோயிலுக்குள் நுழைய விடாமல் நிறுத்தப்பட்டிருந்த காலங்களில், தமிழகத்துச் சாதிகள் பலவற்றுக்குச் சுவாமி தரிசனம் என்பதே வீதிப் புறப்பாடுதான். அந்த உண்மையை விட்டுவிட்டு எந்தத் திருவிழாவின் வரலாற்றையும் நாம் எழுத முடியாது.

வழியின் இன்னொரு செல்வம் மாத்வர்கள். ஸ்ரீமுஷ்ணம் அவர்களுக்கு உயர்ந்த தலம். மத்வாசாரியர் தம் தண்டத்தால் நிலத்தைக் கீறித் தண்ணீர் வரவழைத்த இடம் என்று ஊருக்கு அருகே தண்ட தீர்த்தத்தைக் காட்டுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் வாதிராசர் இந்தியத் தலங்களைப் பாடிய தீர்த்தப் பிரபந்தத்தில் இந்த ஊரையும் சேர்த்திருக்கிறார். மந்திராலய மகான் என்று நாடு கொண்டாடும் இராகவேந்திரர் பிறந்தது இதே வழியில் உள்ள புவனகிரியில். உடுப்பியிலிருந்து வந்த மாத்வரும், காட்டுமன்னார்கோயில் மரபில் வந்த ஸ்ரீவைஷ்ணவரும் தத்துவத்தில் ஒருவரையொருவர் மறுத்து நூல் நூலாக எழுதியவர்கள். பூவராகர் முன்னிலையில் இருவரும் ஒரே தீர்த்தத்தை வாங்கிக்கொண்டார்கள். முதல் பகுதியில் எழுப்பிய கேள்விக்கு விடையின் ஒரு கூறு இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு மரபின் பாசுரத்துக்குள் மட்டும் அடங்காத தலம் என்பதால் பல மரபுகள் இதைத் தங்களுடையது என்று சொல்ல முடிந்தது.

இந்த வழி போரையும் பார்த்தது. 1781 ஜூன் மாதம் ஆங்கிலத் தளபதி அயர் கூட், ஐதர் அலியின் படையினர் கோட்டையாகப் பிடித்து வைத்திருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்றார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டை அருகே இரு படைகளும் மோதின. அங்கே ஐதர் பின்வாங்கினார். அன்று பீரங்கி வண்டிகள் உருண்டு போன அதே வட்டாரத்து மண்ணில்தான் பல்லக்குத் தூக்குகிறவர்களின் கால்கள் பதிகின்றன.

5. கிள்ளைத் தைக்கால்

கடலை நெருங்கும்போது கிள்ளைத் தைக்காலில் பல்லக்கு நிற்கிறது. அங்கே ஒரு தர்கா இருக்கிறது. தர்காவைச் சேர்ந்த இசுலாமியப் பெரியவர்கள் முன்வந்து சுவாமிக்குப் பட்டும் மாலையும் தந்து வரவேற்கிறார்கள். கோயில் தரப்பிலிருந்து மாலை மரியாதை தர்காவுக்குப் போகிறது. அங்கே பாத்தியா ஓதப்படுகிறது. அதன்பின் சுவாமி கடற்கரைக்குப் புறப்படுகிறார்.

இதற்கு ஊரில் ஒரு கதை சொல்லுவார்கள். நோயால் படுத்திருந்த ஓர் இசுலாமியத் தலைவர், வழியில் வந்த பூவராகரின் பிரசாதத்தை ஏற்று நலமடைந்தார். அந்த நன்றியில் சுவாமிக்கு நிலம் எழுதிவைத்தார். அன்று தொடங்கிய மரியாதை இது என்பார்கள். கதையின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆவணம் தேடுவது நம் கடமை, தேடுவோம். என் கண்ணுக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. இந்த நிகழ்ச்சியில் இரு தரப்பும் தத்தம் வழிபாட்டில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பட்டர் தம் மந்திரத்தைச் சொல்லுகிறார். தர்காவில் அவர்கள் தம் வேதத்தை ஓதுகிறார்கள். மாலை மட்டும் கை மாறுகிறது. எனக்கு உன் வாசலில் ஒரு கடமை இருக்கிறது என்ற நினைவை அந்த மாலை புதுப்பிக்கிறது. நல்லிணக்கம் பற்றி மேடையில் பேசும்போது நாம் பெரும்பாலும் உணர்ச்சியைப் பற்றிப் பேசுகிறோம். கிள்ளையில் அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. யார் வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு தலைமுறையில் மனம் சற்றுச் சுருங்கினாலும் நடைமுறை கைகொடுத்து அடுத்த தலைமுறைக்கு அழைத்துப் போகும். சிதம்பரத்துக் கோபுரத்தில் நடந்ததை முன்பே சொன்னேன். அங்கே அரசாணை செய்ய முடியாத ஒன்றைக் கிள்ளையில் ஊர்வழக்கம் செய்துகொண்டிருக்கிறது.

6. முழுக்குத்துறை

மாசி மகத்தன்று தமிழகத்துக் கடற்கரையெங்கும் தெய்வங்கள் கடலாட வருகின்றன. திருவயிந்திரபுரத்துத் தேவநாதர் கடலூர்த் தேவனாம்பட்டினத்துக்கு வருகிறார். திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் திருமலைராயன்பட்டினத்துக்குப் போகிறார். அங்கே மீனவர்கள் தங்கள் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பதால் அவரை மாப்பிள்ளை என்று அழைத்துத் தோளில் சுமக்கிறார்கள். முழுக்குத்துறையில் பூவராகரோடு சுற்று ஊர்களின் தெய்வங்களும் வந்து சேருகின்றன. முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், குழந்தையோடு நீராடுபவர்கள் ஒரு பக்கம், வளையலும் பொரியும் விற்கும் கடைகள் ஒரு பக்கம் என்று கரை நிறைந்துவிடும்.

இந்தக் கரையைப் பற்றிப் பேசும்போது 2004 டிசம்பர் 26ஐ நினைக்காமல் இருக்க முடியாது. கிள்ளையை அடுத்த எம்ஜிஆர் திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு முதலிய மீனவக் குடியிருப்புகளை ஆழிப்பேரலை அடித்துக்கொண்டு போயிற்று. சுரபுன்னைக் காட்டின் மறைவில் இருந்த ஊர்கள் ஓரளவு தப்பியதைப் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். கடலுக்கு அடியில் போன பூமியை மீட்டவர் என்று நாம் வணங்கும் மூர்த்தி, கடல் உள்ளே வந்த கரைக்கு ஆண்டுதோறும் வருகிறார். உறவுகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்துக்கு இந்தத் தீர்த்தவாரி என்னவாக இருக்கும் என்பதை வெளியிலிருந்து நான் சொல்வது முறையாகாது. அந்த மக்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லிலேயே எழுத வேண்டும்.

இதனால்தான் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஸ்ரீமுஷ்ணத்தின் கல்லும் புராணமும் ஓரளவு எழுதப்பட்டிருக்கின்றன. பாதை எழுதப்படவில்லை. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து முழுக்குத்துறை வரை உள்ள மண்டகப்படிகள் எத்தனை, எவை நின்றுபோயின, ஏன் நின்றன என்று ஊர் ஊராகக் குறித்தாக வேண்டும். அவற்றுக்கு எழுதிவைத்த நிலங்களின் பத்திரங்களும் செட்டில்மென்ட் பதிவேடுகளும் வீடுகளிலும் வட்ட அலுவலகங்களிலும் இருக்கின்றன. பல்லக்குத் தூக்குகிறவர்கள், வழியில் மேளம் வாசிப்பவர்கள், தைக்காலில் மாலை வாங்கும் பெரியவர்கள், கரையில் ஏற்பாடு செய்யும் மீனவப் பஞ்சாயத்தார் ஆகியோரின் பேச்சை ஒலிப்பதிவு செய்யுங்கள். எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடமிருந்து தொடங்குங்கள். ஒருவரே எல்லாவற்றையும் செய்ய முடியாது. சேத்தியாத்தோப்புக்காரர் சேத்தியாத்தோப்பையும் புவனகிரிக்காரர் புவனகிரியையும் கிள்ளைக்காரர் கிள்ளையையும் எடுத்துக்கொண்டால் வேலை பகிர்ந்துவிடும். அடுத்த மாசிக்கு முன் இந்த அறையிலேயே ஒருமுறை கூடி ஊர்களைப் பிரித்துக்கொள்வோம். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.